கனி கொடுத்த கேசட்

எங்கள் மகள் பிரியதர்ஷினிக்குச் சடங்கு செய்தபோது எடுத்த டிவிடி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் அவள் நடந்து வருகிறாள், மணையில் உட்காருகிறாள், தாய்மாமன் போடும் மாலைக்குக் குனிகிறாள், பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். சொல்வது கேட்காது. அந்தக் காலத்தில் விசேஷ வீடியோ எடுத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மண்டபத்துச் சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டுகளைப் போட்டுக் கொடுத்தார்கள். பாட்டு இல்லாவிட்டால் இது என்ன வீடியோ என்று சொந்தக்காரர்கள் சண்டைக்குப் போவார்கள். நாங்களும் அன்றைக்கு அந்தப் பாட்டுகளுக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம்.

பிரியதர்ஷினி கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது இறந்துபோனாள். விடுதியில் காய்ச்சல் என்று போன் வந்தது. நானும் என் கணவர் சென்றாயனும் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது அவளை ஆஸ்பத்திரியில் வாயில் குழாய் வைத்துப் படுக்கப் போட்டிருந்தார்கள். கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பேச முடியவில்லை. மறுநாள் விடிந்தபோது அவள் இல்லை. கடைசியாக அவள் குரலைக் கேட்டது என் கணவர்தான், நாங்கள் கிளம்பியதற்கு முன்தினம் போனில். தலைவலி, மாத்திரை போட்டிருக்கிறேன் என்றாளாம். தக்காளி பறித்து முடித்துவிட்டீர்களா என்று அப்பாவிடம் கேட்டாளாம். நான் அப்போது அங்கன்வாடியில் வேலையில் இருந்தேன். அந்தப் பேச்சும் நான் கேள்விப்பட்டதுதான்.

காரியத்துக்கு அப்துல் கனி வந்திருந்தார். பாலக்கோட்டில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருந்தவர். சடங்கு வீடியோ எடுத்தவர் அவர்தான். அவரும் என் கணவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் சாப்பிட எழுந்து போனபிறகு அவர் சட்டைப் பையிலிருந்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்த ஒரு சின்ன கேசட்டை எடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

“பாட்டு போடறதுக்கு முன்னால எடுத்தது மச்சான். பேச்செல்லாம் அப்படியே இருக்குது. இது மேல வேற எதையும் எடுக்கல” என்றார்.

அது சாதாரண விஷயமில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு கேசட்டில் கல்யாணம் எடுப்பார்கள். டிவிடி போட்டுக் கொடுத்ததும் அதே கேசட்டில் காதுகுத்து எடுப்பார்கள், அதன்மேல் கிரகப்பிரவேசம். தேயும்வரை அப்படியே ஓடும். இந்த ஒன்றை மட்டும் கனி எடுத்து வைத்திருந்தார். கேசட்டின் முதுகில் நகத்தால் நகர்த்தும்படி ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருந்தது. அதைத் தள்ளிக் காட்டி, இனி யார் நினைத்தாலும் இதை அழிக்க முடியாது என்றார். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கேட்க வேண்டும் என்று தோன்றினால் கடைக்கு வரச் சொன்னார். கேமரா அவரிடமே இருக்கும்.

நாங்கள் போகவில்லை. கேட்டால் தாங்காது என்று என் கணவர் சொல்லிவிட்டார்.

கேசட்டை அவர் சாமி மாடத்தில் பிரியதர்ஷினியின் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தார். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து நெற்றிக்குத் திருநீறு வைத்துக்கொள்வார். பிறகு போட்டோவுக்கு ஒரு விரல். பிறகு கேசட் பெட்டிக்கு ஒரு விரல். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாசலில் நிறுத்தி அவர்தான் திருநீறு வைத்து அனுப்புவார். கண்ணில் விழாமல் இருக்க இன்னொரு கையை அவள் புருவத்துக்கு மேல் கூரைபோல வைத்துக்கொள்வார். வைத்து முடித்து ‘ஃபூ’ என்று ஊதுவார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடுவாள். கேசட்டுக்கு வைக்கும்போது அவர் ஊதியதில்லை. மற்றபடி அதே விரல்கள்தான். வருஷத்துக்கு ஒருமுறை தீர்த்தமலைக்குப் போய் வருகிறவர்களிடம் திருநீறு வாங்கி வரச் சொல்லி டப்பாவில் நிரப்பி வைத்துக்கொள்வார். பார்க்கிற யாருக்கும் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கும் இல்லை.

பிறகு அவருக்குச் சர்க்கரை கண்ணுக்கு வந்தது. சேலத்தில் காட்டினோம். ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். ஒரு கண் முதலில் போனது. இன்னொன்றில் கொஞ்ச காலம் வெளிச்சமும் நிழலும் இருந்தன, பிறகு அதுவும் போய்விட்டது. காட்டை என் தம்பி தீர்த்தகிரியிடம் குத்தகைக்கு விட்டோம். நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். காலையில் பேப்பர் முழுவதும் அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

கண் போனபிறகும் திருநீறு நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மாடத்துக்குப் போவார். போட்டோவின் சட்டத்தைத் தடவி, கண்ணாடிக்கு நடுவில் வைப்பார். கேசட்தான் அவருக்குக் குழப்பமாக இருந்தது. மாடத்தில் சூடப் பெட்டி இருந்தது, அவருடைய மாத்திரைப் பெட்டி இருந்தது. கைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஒருநாள் மாத்திரைப் பெட்டிக்குத் திருநீறு வைத்துவிட்டு அவரே சிரித்தார். அதற்குப் பிறகு கேசட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வெறுமனே வைத்துவிட்டார். தொட்டால் தெரிந்துவிடும். அதன் நடுவில் சின்னக் கண்ணாடிச் சன்னல் ஒன்று உண்டு. அதைக் கட்டைவிரலால் தேடி, அதுதான் நெற்றி என்பதுபோல அங்கேயே வைப்பார்.

ஒரு மாலை டிவிடியைப் போடச் சொன்னார். போட்டேன். டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. ஒன்று முடிந்து இன்னொன்று. இப்போது என்ன வருகிறது என்று கேட்டார். மாலை போடுகிறார்கள் என்றேன். இப்போது? ஆரத்தி. இப்போது? சாப்பாட்டுப் பந்தி. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நம்ம வூட்டு விசேசம்தானா இது? ஒரு நாய் கொலைக்கிற சத்தம்கூட நம்முளுது இல்ல பானு” என்றார்.

நான் டிவியை அணைத்தேன். அவர் எழுந்து தானாகவே மாடத்துக்குப் போய்க் கேசட்டைத் தடவி எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

“போட்டோ, வீடியோ, எல்லாம் எனக்கு ஒண்ணுதான் இனிமே. இதுல அவ பேசறா. நியூஸ் வாசிச்சாளே. அத ஒரு தரம் கேட்டுர்றேன்.”

அவர் சொன்னது எனக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. சடங்கு முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது கனி ஒரு கை மைக்கைக் கேமராவோடு சேர்த்து வைத்திருந்தார், பெரியவர்கள் வாழ்த்துச் சொல்வதற்காக. வாழ்த்துச் சொல்ல யாரும் முன்வரவில்லை. பட்டுப்பாவாடையும் மாலையுமாக இருந்த பிரியதர்ஷினி அந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். அப்பாவோடு உட்கார்ந்து தினமும் டிவியில் செய்தி பார்ப்பவள். முதுகை நிமிர்த்தி, கண்ணைக் கேமராவில் வைத்து அப்படியே வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். செய்திகள் வாசிப்பது பிரியதர்ஷினி. பெரியத்தை தீர்த்தம்மாள் மூன்றாவது பந்தியிலும் காணப்பட்டார். பெரியத்தை என்பது என் கணவரின் அக்கா. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பெரியத்தைதான் அதிகம் சிரித்தாள். கேசட் தீர்ந்துபோனது என்று கனி சொல்லும்வரை அவள் வாசித்தாள். டிவிடியில் அந்த இடமே இல்லை. விசேஷத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று வெட்டியிருந்தார்கள்.

கனி கொரோனாவில் போய்விட்டார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் அவருடைய மகன் அப்சல் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பாஸ்போர்ட் போட்டோ எடுப்பார், ஆதார் திருத்தம் போடுவார். நான் போன் செய்து கேட்டேன். கேமரா இருக்கிறது, வாருங்கள் அத்தை என்றார். ஆனால் கேமராவில் வெறுமனே ஓட்டிக் கேட்பதில் பயனில்லை, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் அது எப்போதைக்கும் இருக்கும், போனிலேயே கேட்கலாம் என்று விளக்கினார். அந்த வாரமே வரச் சொன்னார்.

சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போகும் டெம்போவில் தீர்த்தகிரி எங்களை முன்சீட்டில் உட்காரவைத்து பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டான். கேசட்டை என் கணவர் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வழியெல்லாம் அதன்மேல் கை வைத்திருந்தார்.

அப்சல் கடையை மதியத்துக்கு மேல் பாதி ஷட்டர் இறக்கிவிட்டுப் பின்னறையில் எங்களை உட்காரவைத்தார். மேசையில் இரண்டு லேப்டாப் இருந்தன. மெலிதாகப் புதியது ஒன்று. இன்னொன்று கனியுடையது. கனமாக, கருப்பாக, ஓரம் உடைந்து டேப் ஒட்டியிருந்தது. பேட்டரி செத்துவிட்டது, பிளக்கில் இருக்கும்வரைதான் உயிர் என்றார். கரண்டு போனால் படக்கென்று அணைந்துவிடும் என்பதால் ஜெராக்ஸ் மிஷினுக்குப் போட்டிருந்த யுபிஎஸ்ஸை அதற்கு மாற்றியிருந்தார்.

புதிய லேப்டாப்பில் செய்யக்கூடாதா என்று என் கணவர் கேட்டார்.

“இந்தக் கேமரா வயர சொருகறதுக்குப் புதுசுல வாயே இல்லீங்க மாமா. இந்தக் கெழவன்தான் இது பேசற பாஷ தெரிஞ்சவன்.”

“அப்ப நம்ம செட்டுதான்” என்றார் என் கணவர்.

அந்த லேப்டாப் விழித்து எழுவதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. அப்சல் அதற்குள் எங்களுக்கு விஷயத்தைச் சொன்னார். கேசட்டிலிருந்து படம் ஒரேயடியாகக் கொட்டிவிடாது. கேமராவில் ஓட ஓட, இந்தப் பக்கம் ஏறிக்கொண்டே வரும். ஒரு மணி நேரம் எடுத்தது ஒரு மணி நேரம்தான் ஏறும். கல்யாண சீசனில் அவருடைய அப்பா இதே அறையில் பகல் முழுக்க உட்கார்ந்து அடுத்தவர் வீட்டுக் கல்யாணங்களை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். பிரியதர்ஷினி நியூஸ் வாசித்த இடம் வந்தபோது கடைக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாராம். அதனால்தான் இதை அழிக்க மனசு வரவில்லையாம்.

கைக்குட்டையைப் பிரித்து என் கணவர் கேசட்டைக் கொடுத்தார். அப்சல் அதைக் கேமராவில் போட்டு, முதலில் ஓடுகிறதா என்று பார்க்க நாடாவைச் சற்றே பின்னுக்கு ஓட்டிப் போட்டார். உள்ளே ஏதோ சுழன்று ஏறும் மெல்லிய சத்தம் கேட்டது.

“இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அன்னிக்குக் கனி பக்கத்துல நிக்கறப்ப கேட்டது” என்றார் என் கணவர். நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

லேப்டாப்பின் திரையில் முதலில் நீலம் வந்தது. பிறகு பட்டை பட்டையாக ஏதோ வந்தது, ஒரு பட்டை படம், ஒரு பட்டை வெறும் கட்டங்கள். சத்தம் இல்லை. அப்சல் உடனே நிறுத்தினார். கேசட்டை வெளியே எடுத்தார். ஒரு பஞ்சுக் குச்சியை ஏதோ ஸ்பிரிட்டில் நனைத்துக் கேமராவுக்குள் விட்டு மெதுவாகத் துடைத்து எடுத்தார். குச்சி சாம்பல் நிறமாக வந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அப்படியே. பிறகு கேசட்டை விளக்குக்கு நேராகப் பிடித்து அதன் முன்மூடியைத் திறந்தார். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாக மாவுபோலப் படிந்திருந்தது. மேசையில் லேசாகத் தட்டினார். கருப்பு மேசையில் வெள்ளைத் தூள் கொட்டியது.

“இது என்னங்கத்த, மாவாட்டம்…”

நான் அவர் கையைப் பிடித்தேன். வாயில் விரல் வைத்துக் காட்டினேன். என் கணவரின் நெற்றியைக் காட்டினேன். காலையில் வைத்த பட்டை வியர்வையில் கொஞ்சம் கலைந்து அப்படியே இருந்தது. அப்சல் நெற்றியைப் பார்த்தார், மேசையில் கிடந்த தூளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“என்னாச்சு தம்பி?” என்று கேட்டார் என் கணவர்.

“பூசணம் மாமா. பழைய கேசட்டுல புடிக்கும்.”

“பூசணமா? மாடத்துல வெயிலு படற எடத்துலதான் வெச்சிருந்தேன்.”

“எங்க வெச்சாலும் புடிக்கும்ங்க.”

பிறகு அப்சல் தலையைத் தூக்காமல், படத்தையும் சத்தத்தையும் படிப்பது மயிரைவிடச் சின்ன ஒரு முனை என்றும், அதில் தூசி அடைத்தால் எதுவும் தெரியாது என்றும் சொன்னார். “கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி மாமா” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“என் கண்ணுல விழுந்தாக்கூடப் பரவால்ல, அது போனது போனதுதான். அது கண்ண நல்லாத் தொடச்சி விடு.”

ஆனால் துடைத்து விடுவதோடு முடிகிற விஷயமாக அது இல்லை. அப்சல் அதை எனக்கு மட்டும் கேட்கும்படி, ஷட்டர் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். தூள் கேமராவில் மட்டும் இல்லை, நாடாவில் இருக்கிறது. ஓட ஓட முனையை அடைக்கும். அடைப்பதோடு நாடாவின் மேல்பூச்சையும் தேய்த்துக்கொண்டே போகும். துடைத்துத் துடைத்து ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் இருப்பது குறையும். முழுதாக வர வாய்ப்பே இல்லை. எந்த இடம் வேண்டுமோ அதை மட்டும் முயற்சி செய்யலாம்.

கடைசிப் பகுதி என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. மணை, மாலை, ஆரத்தி எதுவும் வேண்டாம்.

நல்லவேளை நாடா கடைசியில்தான் நின்றிருந்தது. கனி அதைத் திருப்பிச் சுற்றாமலே விட்டிருந்தார். அப்சல் கொஞ்சம் மட்டும் பின்னுக்கு ஓட்டினார். அந்தச் சத்தத்தில் இப்போது ஒரு சுரசுரப்பு இருந்தது. முனையைத் துடைத்தார். லேப்டாப்பில் பதிவுக்கான பொத்தானை அழுத்திவிட்டுக் கேமராவை ஓடவிட்டார்.

பட்டைகள் வந்தன. பட்டைகளுக்கு நடுவில் ஒரு ரோஸ் நிறப் பாவாடை. மாலை. ஒரு பட்டையில் அவள் கண்கள் வந்தன, அதற்குக் கீழே கட்டங்கள், அதற்கும் கீழே மைக்கைப் பிடித்த கை. வளையல்கள் தெரிந்தன. பட்டைகள் மேலும் கீழும் நகர்ந்தபோது வாய் தெரிந்தது. பேசிக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை. லேப்டாப்பிலிருந்து டப், டப் என்று எதுவோ வெடிப்பதுபோல மட்டும் கேட்டது.

“என்ன வருது?” என்றார் என் கணவர்.

“அவதான் வர்றா” என்றேன்.

அவர் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்சல் நிறுத்தி, துடைத்து, மறுபடி ஓட்டினார். இந்தமுறை பட்டைகள் சட்டென்று சேர்ந்தன. முழுமுகம் வந்தது. சத்தமும் வந்தது, பந்தியில் இலை போடுகிற சத்தம், யாரோ தண்ணீர் கேட்கிற சத்தம், அதற்கு மேல் தெளிவாக அவள் குரல்.

“அடுத்ததாக—”

அந்தச் சொல் முடிவதற்குள் அதன் மேலேயே ஓர் ஆண்குரல், கேமராவுக்குப் பக்கத்திலிருந்து, பெரிதாக:

“போதும் குடும்மா, பெரியவங்க எல்லாம் பாக்கறாங்க.”

என் கணவரின் குரல். சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார். முகத்தைப் பார்க்காமல் கேட்டால் அது சிரிப்பு என்று தெரிவது கஷ்டம். அதோடு சத்தம் அறுந்தது. பட்டைகள் திரும்ப வந்தன. பட்டைகளுக்குள் அவள் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

என் கணவர் கழுத்தைச் சாய்த்து, அடுத்து வருவதற்காகக் காத்திருந்தார். திரையில் அவள் உதடுகள் அசைந்தன, புருவம் தூக்கினாள், சிரிப்பை அடக்கினாள். டப், டப் என்று மட்டும் கேட்டது.

“பேசறாளா பானு? வாயி அசையுதா?”

“அசையுதுங்க.”

“என்ன சொல்றா?”

நான் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அடுத்ததாக, மாமா தீர்த்தகிரி பாயசத்தில் முந்திரி இல்லை என்று வருத்தம் தெரிவித்தார். முந்திரி தேடும் பணி தொடர்கிறது. அவள் சொன்ன தோரணையில் சொல்ல எனக்கு வரவில்லை. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் படிப்பதுபோல வந்தது.

“பாயசம் இல்ல” என்றார். “வடை. வடையில உப்பு இல்லன்னு சொன்னா.”

“பாயசம்ங்க. தீர்த்தகிரி கோவிச்சிக்கிட்டு எந்திரிச்சிப் போனானே.”

“அது வடைக்குத்தான் போனான்.”

இரண்டு பேரும் திரையின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தோம். பாயசமா வடையா என்று அவள் அங்கே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்சல் மூன்றாவது முறை துடைத்தார். பின்னுக்கு ஓட்டும்போது கேமராவுக்குள் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டு நின்றது. திறந்து பார்த்தார். நாடா உள்ளே இருந்த உருளையைச் சுற்றி ஒட்டி மடிந்துகிடந்தது. வெகுநேரம் இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அது அறுந்தது. நாங்கள் கேட்காமலே அவர் மன்னிப்புக் கேட்டார். என் கணவர் கையை நீட்டி அவர் தோளைத் தேடித் தொட்டார்.

லேப்டாப்பில் ஏறியிருந்தது மட்டும்தான் மிச்சம். அதில் சத்தம் இருந்தது அந்த ஓர் இடத்தில்தான். அப்சல் அதை வெட்டி எடுத்துப் போட்டுக் காட்டினார். அடுத்ததாக. போதும் குடும்மா, பெரியவங்க எல்லாம் பாக்கறாங்க.

என் கணவர் இன்னொரு தரம் போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தரம்.

“தம்பி, என் குரல எடுத்துரு. அவளுது மட்டும் இருக்கட்டும்.”

அப்சல் முயற்சி செய்தார். திரையில் கோடுகள் மேடும் பள்ளமுமாக ஓடின. அவளுடைய சொல்லின் பின்பாதியும் அவருடைய சொல்லின் முன்பாதியும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. அவருடையதை வெட்டினால் அவள் ‘அடுத்த’ என்பதோடு நின்றாள். இன்னும் வேறு ஏதோ செய்து பார்த்தார். அப்போது இரண்டு குரலும் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோலக் கெட்டுப்போயின. பழையபடி மாற்றினார்.

“பிரிக்க முடியலீங்க மாமா.”

“மைக்க வெச்சிக்கட்டும்னு விட்டிருக்கலாம்” என்றார் என் கணவர். யாரிடமும் சொல்லவில்லை.

பேசும் துண்டை அப்சல் அவருடைய பட்டன் போனில் ஏற்றி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று விரலைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார். அறுந்த நாடாவைக் கேசட்டுக்குள் தள்ளி மூடி, துடைத்து, திருப்பித் தந்தார். மேசையில் கிடந்த தூளை அவர் ஊதவில்லை. ஒரு காகிதத்தில் ஒதுக்கி மடித்து ஓரமாக வைத்தார்.

பஸ்ஸில் வரும்போது என் கணவர் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோய்ப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். கேசட் சுற்றியிருந்த கைக்குட்டை. தூசிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தார். நான் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டப்பாவைத் திறந்து நெற்றிக்கு வைத்துக்கொண்டார். போட்டோவின் சட்டத்தைத் தடவி அதற்கு வைத்தார். பிறகு கை கேசட்டின் பக்கம் போனது. கட்டைவிரல் கண்ணாடிச் சன்னலைக் கண்டுபிடித்தது. அங்கேயே நின்றது. மற்ற மூன்று விரல்களில் திருநீறு இருந்தது. அவர் அந்த விரல்களை வேட்டியில் துடைத்தார். ஒருமுறை துடைத்துவிட்டு, இன்னொரு முறை அழுத்தித் துடைத்தார். கேசட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடி மாடத்தில் உள்ளே தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, படி என்றார்.

பூசணத்துக்கு ஒரு வாடை உண்டு, அந்தக் கைக்குட்டையில் அது இருந்திருக்காது. மண்ணோடு ஐம்பது வருஷம் இருந்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா? அப்சல் பொய் சொன்னதும் நான் சொல்ல வைத்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. நான் பேப்பர் படித்தேன். செய்திகளுக்கு நடுவில் ‘அடுத்ததாக’ என்று சொல்வது என் வழக்கம். அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் படித்தேன்.

போனில் இருந்ததை அவர் அதிகம் கேட்கவில்லை. சில நாள் மாலையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒருமுறை அழுத்துவார். தன் குரல் வரும்போது தலையைக் குனிந்துகொள்வார். பிறகு சர்க்கரை சிறுநீரகத்துக்கும் போனது. போன வருஷம் மழைக்காலத்தில், தர்மபுரி ஆஸ்பத்திரியில், அவரும் போய்விட்டார்.

காரியத்தன்று அவருடைய பொருள்களையெல்லாம் வாழையிலைக்கு முன்னால் பரப்பினார்கள். வேட்டி, துண்டு, கைத்தடி, கருப்புக் கண்ணாடி, போன். அவருடைய அக்கா தீர்த்தம்மாள் தட்டில் திருநீறும் குழைத்த சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றுக்கும் வைத்துக்கொண்டே போனாள். போனை எடுத்தாள். அதன் பின்பக்கம் மேலே குரல் வரும் ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அந்த இடம் பார்க்க நெற்றிபோலத்தான் இருந்தது. சந்தனத்தில் விரலைத் தொட்டாள்.

“அண்ணி, அதுக்கு வேண்டாம்” என்றேன்.

“ஏம்மா? அவன் கையில வெச்சிருந்தது. ஒரு பொட்டு வெச்சாதான அவனுக்குப் போயிச் சேரும்?”

“சேர வேண்டாம். எனக்கு வேணும்.”

கூடியிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். போனை அவள் கையிலிருந்து வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டேன். பெரியத்தை சந்தன விரலைத் தன் புடவையிலேயே துடைத்துக்கொண்டு கைத்தடிக்கு நகர்ந்தாள்.

அவர் குரலை யாரும் எதிலும் எடுத்து வைக்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் போனபிறகு, அப்சல் அவருக்குக் காட்டிய பொத்தானை அழுத்தினேன். இலை போடும் சத்தம் வந்தது, யாரோ தண்ணீர் கேட்டார்கள். அடுத்ததாக, என்றாள் பிரியதர்ஷினி. போதும் குடும்மா, என்றார் அவர். மறுபடி அழுத்தினேன்.